கீழேயிருந்து பெய்த மழை

எங்கள் வீட்டில் மழை கீழேயிருந்து பெய்கிறது என்று நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது வகுப்பே சிரித்தது. பொய் சொன்னதற்காக ஆசிரியை என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினார். நானும் சும்மா நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாருங்கள் டீச்சர் என்று அங்கிருந்தே அழைப்பு விடுத்தேன். அவர் வரவில்லை. வந்திருந்தால் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டுதான் உள்ளே நுழைந்திருப்பார்.

நான் சொன்னதில் பொய் இல்லை. கூரையில் ஓட்டை கிடையாது, தெருவெள்ளமும் வாசலைத் தாண்டவில்லை. ஆனாலும் அந்த மழைக்காலம் முழுக்க, தரையில் பதித்திருந்த சிவப்பு ஓடுகளின் இடுக்கு வழியாகத் தண்ணீர் ஊறி மேலே வந்துகொண்டே இருந்தது. காலையில் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தால் சில்லென்று இருக்கும். கூடத்து மூலையில் ஒரு தவளை குடித்தனம் வந்துவிட்டது. காகிதக் கப்பல் விட மற்றப் பிள்ளைகள் தெருவுக்கு ஓட வேண்டும், எனக்கோ சாப்பாட்டு மேசைக்கு அடியிலேயே கடல் இருந்தது. மலாக்காவிலேயே அதிருஷ்டசாலி நான்தான் என்று நம்பினேன். இன்றைக்கும் மழைநாளில் ஈரச் செங்கல் வாடை எங்கிருந்தாவது வந்தால் எனக்குச் செருப்பைக் கழற்றிவிடத் தோன்றுகிறது. அந்த ஈரத் தரையில் இன்னொரு முறை வெறுங்காலோடு நடக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று இருக்கிறது.

காஜா பேராங்கில் இருந்த அந்த வீடு அம்மாவினுடையது. அம்மா மலாக்கா செட்டி வம்சம். எப்போதோ கப்பலேறி வந்த தமிழ் வியாபாரிகள் இங்கேயே பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட வழியில் வந்தவர்கள். சாமி நம்முடைய சாமி, வாசலில் வருஷம் முழுக்க மாவிலைத் தோரணம், உடுத்துவது கெபாயா, வாயைத் திறந்தால் மலாய். அப்பாவோ தோட்டத்துத் தமிழர், டவுனுக்கு வந்து பஸ் கண்டக்டர் ஆனவர். புக்கிட் ரம்பாய் போகும் பஸ்ஸில் அம்மா வழக்கமாக ஏறுவாராம். எங்கே இறங்க வேண்டும் என்று கேட்காமலே அப்பா சரியான இடத்தில் மணியடிக்கத் தொடங்கியபோதே விஷயம் முற்றிவிட்டது என்று பெரியம்மா, அதாவது அம்மாவின் அக்கா, கடைசிவரை சொல்லிச் சிரிப்பார்.

கல்யாணத்துக்குப் பிறகு அப்பா அம்மாவின் வீட்டுக்கே குடிவந்தார். வீட்டோடு மாப்பிள்ளை என்று யாரும் அவர் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் கை வைத்துச் செய்த பொருள் ஒன்றுகூட இல்லை. கதவு அம்மாவின் தாத்தா காலத்தது, கட்டில் அதற்கும் முந்தியது. தன் பங்குக்கு எதையாவது செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு அவருக்கு இருந்திருக்க வேண்டும். அப்பா விடுமுறை நாளில் சுத்தியலும் கையுமாக வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எதைத் தட்டலாம் என்று தேடுவார்.

சமையலறைக்குப் பின்னால் கிணறு இருந்தது. பழைய செங்கல் கிணறு. அதன் உட்சுவரில், தரைமட்டத்துக்கு ஒரு முழம் கீழே, ஒரு மண்குழாய் பதித்திருக்கும். மழைக்காலத்தில் கிணறு நிறைந்து வரும்போது தண்ணீர் அந்தக் குழாய் வழியாகத் தானாக வடிந்து, கொல்லைப்புறத்து லோங்காங்கில் விழும். லோங்காங் என்றால் எங்கள் ஊர்ப் பேச்சில் சாக்கடை வாய்க்கால். நாங்கள் பிள்ளைகள் பள்ளிவிட்டு வந்ததும் கால் கழுவுவது மண்குழாயிலிருந்து விழும் அந்தத் தண்ணீரில்தான். சந்தின் ரோட்டுக்கு நகராட்சிக்காரர்கள் தார்மேல் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போனதில் எங்கள் வீடு பள்ளத்தில் உட்கார்ந்துவிட்டது. வாசலில் ஏறுவதற்குப் பதிலாக இறங்கி வருவோம். அப்படி இருந்தும் தரை காய்ந்தே கிடந்தது. அது ஏன் என்று யாரும் யோசித்ததில்லை.

அப்பாவுக்குக் கிணறு என்றாலே ஆகாது. தோட்டத்தில் பிறந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது பேர் கூப்பிட, ஆள் கூடுவதற்குள், பள்ளத்துக் கிணற்றிலிருந்து லயத்து வீட்டுக்குத் தண்ணீர் இறைத்துச் சுமக்க வேண்டியது சிறுவயதில் அவர் வேலை. உள்ளங்கையை விரித்துக் காட்டுவார். கயிறு அறுத்த தழும்பு வெள்ளைக் கோடாக இருக்கும். அம்மா கிணற்றடியில் நின்று வாளியை இழுக்கும் சத்தம் கேட்டாலே அவர் முகம் சுருங்கும். ஓடிப் போய்க் கயிற்றைப் பிடுங்கிக்கொள்வார், இரண்டு வாளி இழுப்பார், கயிற்றைத் திட்டிக்கொண்டே வருவார்.

மெர்டேக்கா, அதாவது நாட்டுக்குச் சுதந்திரம், வந்த வருஷம் எங்கள் வீட்டுக்குள் பைப்பும் வந்தது. அதற்கு முன் பைப்புத் தண்ணீர் வேண்டுமென்றால் சந்து முனைக்குப் போக வேண்டும். அப்பா யாரையெல்லாமோ பார்த்து, எங்கெல்லாமோ அலைந்து, சமையலறைக்குள்ளேயே பித்தளைக் குழாய் ஒன்றை வைத்துவிட்டார். முதல் நாள் அதைத் திறந்து மூடி, திறந்து மூடி, எங்களையும் திறக்கச் சொல்லி, ஊருக்கு வந்த சுதந்திரத்தையே தான்தான் திறந்துவிட்டதுபோல் நின்றார்.

"இனிமே இந்த வீட்டுப் பொம்பளைங்க கயிறு இழுக்கக் கூடாது," என்றார். "கிணத்த மூடிடலாம்."

அம்மா அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டார். பிறகு, "பியார் லா," என்றார். போகட்டும் விடுங்கள் என்பதற்கு அவர் பேச்சில் அதுதான் சொல். சரி என்பதற்கும் அதையேதான் சொல்வார், வேண்டாம் என்று சொல்ல மனம் வராதபோதும் அதையேதான் சொல்வார். அப்பா தனக்கு வசதியானதை எடுத்துக்கொண்டார்.

அடுத்த விடுமுறை நாளில் அப்பாவோடு பஸ்ஸில் வேலை செய்பவர்கள் வந்தார்கள். உடைந்த செங்கல்லும், எங்கேயோ ரோடு வெட்டிய இடத்துச் செம்மண் களியும் வண்டி வண்டியாக வந்தன. அத்தனையையும் கிணறு விழுங்கியது. மேலே சிமெண்டு பூசி, ஈரம் காய்வதற்குள் அப்பா ஓர் ஆணியால் அந்த வருஷத்தை எழுதினார். அம்மா எல்லோருக்கும் காப்பி கலந்து கொடுத்தார். வேலை முடிந்ததும், வீசி எறிய வைத்திருந்த கயிற்றையும் தகர வாளியையும் எடுத்துப்போய்ச் சமையலறை உத்தரத்தில் மாட்டினார். கொல்லைப்புறத்தில் மண்குழாய் வடிவது நின்றுபோனது. பார்த்தாயா, இப்போது கொல்லை எவ்வளவு சுத்தமாக இருக்கிறது என்று அப்பா எனக்குக் காட்டினார். சிமெண்டு மூடியின்மேல் பிரம்பு நாற்காலி போட்டு, மாலையில் பேப்பர் படிக்கவும் ஆரம்பித்தார். தன் கையால் செய்த ஓர் இடத்தில் அவர் கால் நீட்டி உட்கார்ந்ததை நான் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

வருஷக் கடைசியில் மழை பிடித்தது. ஒரு காலை அம்மா உள்ளறையைக் கூட்டப் போனவர் அப்படியே நின்றுவிட்டார். உள்ளறை என்பது சாமி மாடம் இருக்கும் அறை. அதன் நடுவில் ஓடுகளுக்கிடையே தண்ணீர் மினுங்கிக்கொண்டிருந்தது. "ஆயேர் நேக்," என்றார் மெதுவாக. தண்ணீர் ஏறுகிறது. வேறு யாராக இருந்தாலும் கூரையைப் பார்த்திருப்பார்கள், இல்லை வாசலுக்கு ஓடியிருப்பார்கள். அம்மா துடைப்பத்தைப் போட்டுவிட்டுக் கொல்லைக்குப் போனார். மழையில் நனைந்துகொண்டு, வெறுங்காலோடு, அந்தச் சிமெண்டு மூடியின்மேல் ஏறி நின்றார். எதையோ காதால் வாங்குவதுபோல் தலை சாய்த்திருந்தார். பின்னாலேயே போன எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பிறகு உள்ளே வந்து தலையைத் துவட்டிக்கொண்டு, பழந்துணிகளை எடுத்துத் தரையை ஒற்றத் தொடங்கினார். அப்பாவிடம் மூடியின்மேல் நின்றதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அப்பா லோங்காங்கைச் சந்தேகப்பட்டார். "இந்த லோங்காங்கு அடைச்சுக்கிட்டதுதான் காரணம்," என்று கால்சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு இறங்கி, சந்து முழுக்கச் சேற்றை வாரினார். சந்துக்காரர்கள் எல்லோருக்கும் நல்லது நடந்தது. எங்கள் தரை மட்டும் காயவில்லை.

பஸ் கண்டக்டருக்கு யோசனை சொல்ல ஆளுக்கா பஞ்சம்? அப்பா டிக்கெட் கிழிக்கும்போதே ஊரிலுள்ள வைத்தியமெல்லாம் பஸ் ஏறி வந்தன. செமாபோக்கில் ஏறிய தச்சர் ஒருவர் தார் பூசச் சொன்னார். பூசிய தார் மறுநாளே கொப்பளித்து, ஆப்பம்போல் உப்பி, கையோடு உரிந்து வந்தது. பத்து பெரெண்டாம் நிறுத்தத்தில் ஏறும் ஒருவர் வாசற்படியை உயர்த்தினால் தண்ணீர் வராது என்றார். அப்பா உயர்த்தினார். தண்ணீர் வழக்கம்போல் கீழேயிருந்து வந்தது, இப்போது வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே தங்கிவிட்டது. உயர்ந்த படியைத் தாண்டி நாங்கள் சிரட்டையால் மொண்டு மொண்டு வெளியே ஊற்றினோம். கடல் பொங்கும் நாட்களில்தான் ஊறுகிறது என்று ஒருவர் சொல்ல, அப்பா கொஞ்ச நாள் நிலாவைக்கூட முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்து என் இடுப்பு உயரத்துக்கு ஏறியது. ஒவ்வொரு வைத்தியம் தோற்கும்போதும் அம்மா பியார் லா என்று சொல்லிவிட்டுப் பிழிந்த துணியோடு குனிந்துவிடுவார். குனிந்தே இருந்ததில் அந்த மழைக்காலத்தில் அவர் நிமிர்ந்து நடந்ததாகவே எனக்கு நினைவில்லை.

எனக்கு இதெல்லாம் கொண்டாட்டமாக இருந்தது. அம்மாவுக்கு அப்படி இல்லை, ஏனென்றால் பொங்கல் நெருங்கிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு முந்தின நாள் செட்டி வீடுகளில் பர்ச்சு கொடுப்பார்கள். இறந்தவர்களுக்கு உள்ளறையில் தலைவாழை இலைகள் விரித்து, அவரவருக்குப் பிடித்ததையெல்லாம் படைத்து, சாம்பிராணி போட்டுவிட்டு, எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்திக்கொள்வார்கள். போனவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை வெளியே காத்திருக்க வேண்டும். குடும்பத்தில் ஒரு வீட்டில்தான் அது நடக்கும். எங்கள் குடும்பத்துக்கு அது இந்த வீடு.

வரிசையில் கடைசி இலை மாமாவுக்கு, அம்மாவின் தம்பிக்கு. ஜப்பான்காரன் காலத்தில் ஒரு காலை கிணற்றடியில் குளித்துவிட்டு, ஊற்றிவைத்த காப்பியைக் குடிக்காமலே வெளியே போனவர். ஆள் பிடிக்கும் லாரி அவரை ஏற்றிக்கொண்டு போனது. சயாம் ரயில் பாதை போடப் போனவர்களில் சிலர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார்கள். மாமா வரவில்லை. இறந்தார் என்று சொல்லவும் யாரும் வரவில்லை. பெரியம்மாதான் வற்புறுத்தி அவருக்கும் இலை போட வைத்தாராம். அம்மா மற்ற இலைகளில் எல்லாவற்றையும் படைத்துவிட்டு, மாமாவின் இலைக்கு வரும்போது மட்டும் உயிரோடு இருப்பவருக்குப் பரிமாறுவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக வைப்பார். சோறு சூடாக இருக்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்ப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவர் வந்துவிட மாட்டாரா என்று எனக்கே ஏக்கமாக இருக்கும். நான் அவரைப் பார்த்ததுகூட இல்லை.

பெரியம்மா செமாபோக்கில் இருந்தார். ஜப்பான் சண்டையெல்லாம் முடிந்தபிறகு கட்டிய நல்ல மேட்டு வீடு. எங்கள் உள்ளறையை வந்து பார்த்தவர், ஈரத்தில் இலை போடக் கூடாது, இந்த வருஷம் பர்ச்சு செமாபோக்கில்தான் என்று சொல்லிவிட்டார். ஒரு முறை இடம் மாற்றினால் மறுபடி பழைய இடத்துக்குக் கொண்டுவருவதில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். போனவர்களைச் சும்மா இங்கும் அங்கும் அலைக்கழிக்கக் கூடாது. அம்மா எதிர்த்துப் பேசவில்லை. தம்பிக்கு அந்த வீடு தெரியாதே என்று மட்டும் கேட்டார். பெரியம்மா என்னைக் கூப்பிட்டுத் தலைவாரிவிட்டார்.

பொங்கலுக்குச் சில நாள் இருக்கையில், சாமி மாடத்துக் குத்துவிளக்கையும் சாம்பிராணித் தட்டையும் எடுத்துப்போகப் பெரியம்மா மறுபடி வந்தார். அப்போது அப்பா உள்ளறையில் முழங்காலிட்டு, யாரோ சொன்னார்கள் என்று ஓடுகளின் இடுக்கில் மெழுகு உருக்கி ஊற்றிக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஊற்ற, மறுபக்கம் தண்ணீர் மெழுகைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவர் சட்டை முழுக்கத் தாரும் உப்பும் மெழுகுமாக இருந்தது. பெரியம்மா நிலைப்படியில் நின்று கொஞ்ச நேரம் அதைப் பார்த்தார். பொறுக்க முடியவில்லை போலும்.

"பெரிகி டா துத்தோப், ஆயேர் மோ பி மானா?" என்றார்.

கிணற்றை மூடிவிட்டால் தண்ணீர் எங்கே போகும் என்று அர்த்தம். அப்பாவின் கை நின்றுவிட்டது. அவருக்கு அம்மாவின் மலாய் நன்றாகப் புரியும். அத்தனை நாளும் லோங்காங்கையும் கடலையும் நிலாவையும் குற்றம் சொன்னவர், தான் தினமும் நாற்காலி போட்டு உட்கார்ந்த இடத்தை அன்றுதான் நினைத்துப் பார்த்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. எந்த மடையன் மூடச் சொன்னான் என்கிற மாதிரி பெரியம்மா மேலும் ஏதோ ஆரம்பித்தார்.

"ஆக்கு யாங் சுரோ," என்றார் அம்மா.

நான்தான் மூடச் சொன்னேன் என்று. சமையலறை வாசலில் ஈரத்துணியோடு நின்றுகொண்டு, அக்காவின் கண்ணைப் பார்த்துச் சொன்னார். கயிறு இழுத்து இழுத்துத் தோள் வலிக்கிறது, கிணறு வேண்டாம் என்று தானே கெஞ்சியதாகவும், அப்பா முதலில் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் அடுக்கிக்கொண்டே போனார். எனக்கு வாய் பிளந்துவிட்டது. ஒரு சின்னப் பொய்க்கு என் தொடையைக் கிள்ளுகிற அம்மா இவர். இல்லையே, அப்பாதானே சொன்னார் என்று திருத்த வாயெடுத்தேன். அம்மாவின் பார்வை பட்டதும் மூடிக்கொண்டேன். பெரியம்மா தங்கையைத் தலையிலிருந்து கால்வரை திட்டித் தீர்த்தார், அம்மா தலைகுனிந்து அத்தனையையும் வாங்கிக்கொண்டார். அப்பா மெழுகுச் சட்டியைக் கையில் வைத்தபடி அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அன்றைக்குப் போகவில்லை. பொங்கலுக்கு முந்தின நாள் காலைவரை பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் பெரியம்மா பஸ் பிடிக்கப் போனார்.

மறுநாள் அப்பா வேலைக்குப் போகவில்லை. கடப்பாரையை இரவல் வாங்கி வந்து, தான் எழுதிய வருஷத்தின்மேலேயே முதல் குத்தைப் போட்டார். சிமெண்டு உடைந்ததும் களிமண் தெரிந்தது. மண்வெட்டியால் கொஞ்ச ஆழம்தான் அள்ள முடிந்தது. அதற்குக் கீழே சேறு. அப்பா மேலே வந்து கையைக் கழுவிக்கொண்டு, "அந்தக் கயிறு..." என்று இழுத்தார். அம்மா ஸ்டூல் போட்டு ஏறி உத்தரத்திலிருந்து கயிற்றையும் வாளியையும் எடுத்துக் கொடுத்தார். வீடு முழுக்க ஈரத்தில் பூஞ்சை பிடித்துக்கிடந்த அந்த மழைக்காலத்திலும், அடுப்புக்கு மேலே தொங்கிய கயிறு காய்ந்து முறுக்காக இருந்தது.

கூட வேலை செய்பவர்கள் சிலர் உதவிக்கு வந்தார்கள். கீழே இறங்கிச் சேற்றை வாளியில் நிரப்புவது அவர்கள், மேலே நின்று இழுப்பது அப்பா. கயிற்றை வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. உட்சுவரில் மண்குழாயின் வாய் தெரிந்தது, செம்மண்ணால் கெட்டியாக அடைத்திருந்தது. நீண்ட மூங்கில் கழியை உள்ளே விட்டுக் குத்தினார்கள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு வயிற்றுக்குள் உருளுவதுபோல் ஒரு சத்தம் வந்தது. நான் கொல்லைக்கு ஓடினேன். லோங்காங்கில் செக்கச்செவேலென்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதில் காலை நனைத்துக்கொண்டு நான் கூச்சல் போட்டதில் சந்தே கூடிவிட்டது. அம்மா மட்டும் அங்கே வரவில்லை. அவர் உள்ளறையில் ஓடுகளின் பக்கத்தில் உட்கார்ந்து, இடுக்குகளில் மினுங்கும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாயங்காலத்துக்குள் மினுக்கம் அடங்கியது. பிறகு அனல் சட்டிகளை வைத்து இரண்டு பேருமாகத் தரையைக் காயவைத்தார்கள். எனக்கு என் கடல் போய்விட்டதே என்று அழுகை அழுகையாக வந்தது.

பர்ச்சு எங்கள் வீட்டில்தான் நடந்தது. பெரியம்மா காலையிலேயே வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளறைத் தரையைப் பாதத்தால் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, தேங்காய் துருவ உட்கார்ந்தார். தேங்காய்ப்பால் சோறு, புளி போட்ட மீன், சம்பால், ஒட்டரிசியில் செய்த புளுட் என்று இலைகள் நிறைந்தன. அப்பா எப்போதும் அந்த நேரத்தில் வெளியே போய் நின்றுகொள்வார். அவர் தோட்டத்து வழக்கம் வேறு. இது பெண்வீட்டுக் காரியம், நமக்கு இதில் இடமில்லை என்று ஓர் ஒதுக்கம் அவரிடம் இருந்தது. அன்று மட்டும் குளித்து, வேட்டி கட்டிக்கொண்டு, கையில் ஒரு பித்தளைச் செம்போடு உள்ளே வந்தார். வரிசையின் கடைசிக்குப் போய், மாமாவின் இலைக்கு வலப்பக்கம் இருந்த தம்ளரில் தண்ணீரை ஊற்றினார். இன்னும் தெளியாத கிணற்றுத் தண்ணீர். தம்ளரின் அடியில் செம்மண் தங்கியது.

"அப்பா, பைப்புத் தண்ணி சுத்தமா இருக்கே," என்றேன்.

"மாமாவுக்குப் பைப்புத் தண்ணி தெரியாதும்மா," என்றார் அப்பா.

அம்மா மீன்சட்டியோடு அங்கேதான் இருந்தார். சட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கெபாயாவின் நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். காத்திருக்கும் நேரத்தில் வழக்கமாக அம்மா பெரியம்மாவுக்குப் பக்கத்தில்தான் உட்காருவார். அன்று அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்பாவின் உள்ளங்கையில் பழைய வெள்ளைத் தழும்பின்மேல் புதிதாகத் தோல் உரிந்திருந்தது.

அதன்பிறகு கிணறு மூடப்படவில்லை. சமையலுக்கும் குளிக்கவும் பைப்பு இருந்தது. ஆனால் அடைமழை நாட்களில் கொல்லைப்புறத்து லோங்காங்கே நிரம்பி நின்றுவிட்டால் மண்குழாயால் மட்டும் ஆகாது. கிணற்றில் நீர் தங்கினால் உள்ளறையில் ஈரம் காணும். அதனால் அப்பா மழைக்காலத்தில் வேலை முடிந்து வந்ததும், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், கிணற்றடிக்குப் போவார். வாளி வாளியாக இறைப்பார். இறைத்ததைச் சுமந்துபோய்த் தெருப்பக்கத்து லோங்காங்கில் கொட்டுவார். எனக்கு வெட்கமாக இருக்கும். உங்கள் அப்பா தண்ணீரை இறைத்துச் சாக்கடையில் ஊற்றுகிறாரே, பைத்தியமா என்று சந்துப் பிள்ளைகள் கேட்பார்கள். நானும் அதையே அம்மாவிடம் கேட்டேன். "பியார் லா," என்றார். அப்பா ஓய்வு பெற்ற பிறகும் இறைத்தார். ஒரு மழைக்காலம்கூட விடவில்லை. கிணற்றைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை.

இப்போது வீடு என் தம்பியிடம் இருக்கிறது. கிணற்றுக்குள் மோட்டார் வைத்துவிட்டான். தண்ணீர் ஏறினால் தானாகவே ஓடித் தானாகவே நிற்கும். பர்ச்சுக்கு நான் போகும்போது இலை வரிசை முன்னைவிட நீண்டிருக்கிறது. மாமாவுக்கு அடுத்து அப்பா, அப்பாவுக்கு அடுத்து அம்மா. மூன்று தம்ளரிலும் கிணற்றுத் தண்ணீர்தான் வைக்கிறோம். கதவைச் சாத்திவிட்டு வெளியே உட்கார்ந்திருக்கையில் மோட்டார் உறுமத் தொடங்கினால் நான் என்னையறியாமல் எழுந்து சமையலறைக்குப் போகிறேன். கயிற்றுச் சத்தத்துக்குப் பழகிய காது அது.

முதல் நாள் தண்ணீர் ஏறியபோதே அம்மாவுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அந்த மூடியின்மேல் போய் நின்றவர் அவர்தானே. தெரிந்தும், தன் தம்பியின் இலைக்கு இடமில்லாமல் போகும் என்ற நிலை வந்தும், பைப்பைத் திறந்து மூடி மகிழ்ந்த மனிதரிடம் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்கக் குனிந்து துடைத்தார். அப்பா அதற்குத் தன் ஆயுள் முழுக்க நின்று இறைத்தார். இதையெல்லாம் நான் கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டபோது சொல்வதற்கு இரண்டு பேருமே இல்லை.

அப்பா இறைக்கும் நேரத்தில் அம்மா சமையலறை ஜன்னலருகே துண்டோடு நிற்பார். வாளிச் சத்தம் நிற்கும்வரை அங்கிருந்து நகரமாட்டார். அடுப்பில் ஏதாவது கருகினால்கூடத் திரும்பமாட்டார். என்ன பார்க்கிறீர்கள் என்று ஒரு தடவை கேட்டேன். தண்ணீர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்ப்பதாகச் சொன்னார். நானும் நம்பிவிட்டேன். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது அதே இடத்தில் நின்று பார்த்தேன். அந்த ஜன்னலிலிருந்து கிணற்றுத் தண்ணீர் தெரியாது. கயிறு இழுப்பவர் நிற்கும் இடம் மட்டும்தான் தெரிகிறது.